மருந்து தெளிக்காத வரிசை

"எண்ணூர்ல யாரும்மா விவசாயம் பண்றாங்க?" என்று என் ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்பில் வாடும் பயிரை நானோ சிலிக்கா தாங்க வைக்குமா என்று பார்ப்பதுதான் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த வேலை. மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக்கி, தண்ணீரில் கலந்து இலையில் தெளிப்போம். கல்லூரிக் கண்ணாடிக் கூடத்தில் தொட்டி வைத்து, உப்பு வாங்கிக் கரைத்து ஊற்று என்றார் அவர். உப்பை வாங்குவதற்கா எண்ணூரில் பிறந்தேன்? எங்கள் வீட்டு போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணீர். அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பலும் மொட்டைமாடிக்குத் தானாக வந்து இறங்குகிறது.

"எங்க வீட்டு மாடியிலதான் சார் செய்வேன்."

"செய். ஆய்வுக் குழு கூடும்போது உருப்படியா ஒண்ணும் வரலைன்னா மாடியை மறந்துட்டு நான் குடுக்கிற தலைப்பை எடுக்கணும்."

சரி என்றேன். வாய்க்கொழுப்புதான்.

இருபத்து நான்கு பெயின்ட் பக்கெட்டுகளில் தக்காளி வைத்தேன். எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். பன்னிரண்டுக்கு நானோ சிலிக்கா தெளித்தேன். மீதிப் பன்னிரண்டுக்கு ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு வரிசை வேண்டும். ஒரு மாதத்தில் தெளித்த வரிசை பச்சைப்பசேல் என்று நின்றது. தெளிக்காத வரிசைக்கு இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மாடியிலிருந்தே "பாருங்க சார்" என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். செடிக்கு ஒரு மக் போர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று அவளிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து மாடி ஏறினால், இரண்டு வரிசையும் பச்சை. தெளிக்காத வரிசையில் பூவே வந்திருந்தது. அப்படியானால் என் மருந்தில் ஒன்றுமே இல்லையா? குனிந்து பார்த்தேன். மண்மேல் மீன் செதில் மின்னியது.

எங்கள் பக்கம் மீன் கழுவின தண்ணீரைச் சும்மா கொட்டமாட்டார்கள். முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றுவார்கள். அம்மா மீன் கழுவுவதும் போர் தண்ணீரில் இல்லை, லாரியில் வருகிற நல்ல தண்ணீரில்.

"யம்மா! இன்னா பண்ணி வெச்சிகீற?"

"இன்னா பண்ணிட்டேன்? ஒரு வரிசைக்கு மருந்து அடிச்சி சீராட்டுற. இன்னொண்ண காய வுட்டு வேடிக்க பாத்துகினு கீற. அதுங்க இன்னாடி பாவம் பண்ணுச்சி? கண்ணால பாக்க முடில, ஊத்துனேன்."

"அது காயணும்மா! அது காஞ்சாத்தான் என் படிப்பு!"

"நல்லாகீதுடி உன் படிப்பு. உப்பு தண்ணிய தாங்கறதுக்கு மருந்து கண்டுபுடிக்கிற. நல்ல தண்ணி வுட்டா அது பாட்டுக்கு வளருது. அத எவனாச்சும் எழுதுனானா?"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் பெரிய எரிச்சலாக இருந்தது.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "அந்தப் பத்து நாளை எழுதாதே. எலி கடிச்சிடுச்சுன்னு போடு."

"முடியாது சார். எங்கம்மா மீன் தண்ணி ஊத்தினாங்கன்னுதான் போடுவேன்."

அப்படியே நோட்டில் எழுதிவிட்டு, மறுபடி விதையிலிருந்து தொடங்கினேன். இந்த முறை மூன்று வரிசை. மூன்றாவதற்கு மருந்து கிடையாது, மீன் தண்ணீரும் கிடையாது, லாரித் தண்ணீர் மட்டும். அதற்குத் தினம் ஒரு குடம் வேண்டும். குளிக்க வைத்திருக்கும் லாரித் தண்ணீரில் மிச்சம் பிடித்து அம்மாதான் கொடுத்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான், ஆனாலும் கொடுத்தாள்.

போர் தண்ணீர் குடித்த இரண்டு வரிசைகளில் நானோ சிலிக்கா தெளித்ததுதான் நன்றாக நின்றது. என் வேலை பொய்யில்லை. ஆனால் மூன்றாவது வரிசை இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. குழு கூடிய அன்று வாசலில் வைத்துப் பேராசிரியர் சொன்னார்: "அந்த மூணாவது வரிசைப் படத்தை எடுத்துடு. உன் மருந்து ஒண்ணுமில்லாத மாதிரி தெரியுது."

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

குழுவில் ஒருவர் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்டார். "இந்த வரிசைக்கு என்ன தெளிச்சீங்க?"

"ஒண்ணும் தெளிக்கல சார். நல்ல தண்ணி ஊத்தினோம். அது எங்க ஊருக்கு வர்ற வரைக்கும்தான் இந்த மருந்து. வந்துட்டா, என் மருந்தைத் தூக்கிப் போட்டுடலாம்."

குழு, மாடியிலேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அன்று சாயங்காலம் அம்மா மீன் கழுவி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன். இந்த முறைக்கான அளவெல்லாம் எடுத்து முடித்தாயிற்று, இனி எதுவும் காய வேண்டாம். அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், போர் தண்ணீரில் கருகி நின்ற தெளிக்காத வரிசைக்கு நானே ஊற்றினேன்.