குல்மார்க்குக்கு ஒரு நீண்ட ஜெபம்

பம்பாய்ப் பக்கம் இந்த நெருளில் டிசம்பர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற மாதம், அவ்வளவுதான். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்பளிச் சட்டை தேடினால் எங்கே கிடைக்கும்? ஆனால் தேட வேண்டியிருக்கிறது. வாஷியில் இருக்கிற என் தம்பி, இந்தக் கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தோடு குல்மார்க் போகிறோம் என்று அறிவித்துவிட்டான். காஷ்மீர், முழங்கால் அளவு பனி, சறுக்குக் கட்டை, கேபிள் கார், ஹீட்டர் வைத்த அறை. இதற்கென்றே வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்து, நாங்கள் பல் தேய்க்கும் முன்னாலேயே பனிப் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறான். எல்லோரும் சரி சொல்லியாயிற்று, அம்மாவைத் தவிர. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். கேட்டால் "பாப்பம்" என்கிறாள். அவளுடைய 'பாப்பம்' எத்தனை காரியங்களைக் கவிழ்த்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, இருக்கிற கம்பளியைப் பார்ப்போம் என்று கட்டில் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழுந்து வந்தது. தோல் வாசனை. பழைய போர்வைக்குள் சுருட்டி வைத்த இரண்டு தோல் கையுறைகள். என் மகள் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே லெஃப்ட்மா! கிஸ்னே பனாயா யே?" என்று சிரித்தாள். யார் செய்தது? உன் தாத்தா செய்ததுதான், போதுமா? அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் அங்கே இங்கே சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி, அப்புறம் இந்தத் தோல் வாசனை. அதுவும் குடும்பத்தில் ஒரு ஆள் மாதிரிதான். அப்பா சட்டையைக் கழற்றினால் வரும், சாப்பிட உட்கார்ந்தால் கூட வந்து உட்காரும். காதர் மாமாவின் தோல் கார்கானாவில், அதாவது பட்டறையில், அப்பாதான் கட்டிங் மாஸ்டர். காதர் மாமா கடையநல்லூர்க்காரர். எங்களுக்கும் நெல்லைச் சீமைதான் என்பதால் முதலாளி, வேலைக்காரர் என்பதெல்லாம் கார்கானா வாசலோடு சரி. வீட்டுக்கு வந்தால் அவர் மாமா. ரம்ஜானுக்கு அவர் வீட்டுப் பிரியாணி எங்களுக்கு வரும், கிறிஸ்மஸுக்கு அம்மாவின் முந்திரிக்கொத்து அங்கே போகும்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் கார்கானாவுக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடும் கையுறை. பம்பாய் வெயிலில், பனியன் தெப்பமாக நனைந்து நின்று அப்பா அதை வெட்டினார். மாதிரிக்கென்று வாங்குகிறவர்கள் ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளை மலை, மரமெல்லாம் வெள்ளை, சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வானத்தைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நாக்கு நுனியில் ஒரு பொட்டுப் பனி. வேலை முடிந்ததும் அப்பா படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா அதை அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

அங்கேதான் வினை ஆரம்பம். ஒருநாள் அரிசி அளந்துகொண்டே அம்மா கேட்டாள்: "என்னங்க, இந்தப் பொம்பள நாக்க நீட்டிக்கிட்டு நிக்கால்லா, அது என்ன ருசி இருக்கும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கையுறதான வெட்டுதேன்."

"தெனமும் இத வெட்டுதீங்க, இதுகூடத் தெரியலையா?"

அம்மா அதோடு விடுகிற ஆளில்லை. மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள். புடவை கேட்டிருந்தால் அப்பா வாங்கிக் கொடுத்திருப்பார், குக்கர் கேட்டபோது வாங்கிக் கொடுத்தார். ருசி கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏட்டி, இந்தக் கிறிஸ்மஸுக்கு நேர்லயே போயி ருசி பாத்துருவோம், போதுமா?" என்றார். அம்மாவின் முகத்தை நீங்கள் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் படத்தில்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

காதர் மாமா தனக்குத் தெரிந்த கம்பளி வியாபாரி மூலமாகக் குல்மார்க்கில் தங்க இடம் பிடித்துக் கொடுத்தார். ஜம்மு வரை ரயில், அப்புறம் பஸ். செய்தி எங்கள் சந்து முழுக்கப் பரவிவிட்டது. அந்தச் சந்தில் பனியைக் கண்ணால் கண்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது, ஆனால் யோசனை சொல்லாதவரும் ஒருத்தர் கிடையாது. "தேங்காண்ண கொண்டு போவாதீங்க, கல்லாப் போயிரும், நல்லெண்ண எடுத்துக்கோங்க" என்றார் ஒருவர். மூக்கில் பஞ்சு வைக்காவிட்டால் மூச்சு உறைந்துவிடும் என்றார் இன்னொருவர். அதைக் கேட்டுத் தம்பி அன்றைக்கே மூக்கில் பஞ்சோடு தூங்கினான். அம்மாவின் கவலை வேறு. "அங்க கொத்தமல்லி கெடைக்குமா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டாள். கடைசியில் ஸ்டவ், புளி, வற்றல், இரண்டு பெரிய டின் முறுக்கு, ஒரு டின் முந்திரிக்கொத்து. பனி பார்க்கப் போகிறோமா, குடி போகிறோமா என்று அப்பாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

உடுப்புக்குக் காதர் மாமா வழி சொன்னார். "மாஸ்டரே, ரிஜெக்ட் ஆன கோட்டு கெடக்கு, எடுத்துக்கோங்க." வந்த கோட்டுகளில் எனக்கு ஒரு கை குட்டை, தம்பிக்குக் கோட்டு கணுக்கால் வரை. கையுறைகளும் கழித்துப் போட்டதிலிருந்து அப்பா தைத்ததுதான். அந்த வருஷம் கழிந்ததெல்லாம் என்னவோ இடது கையாகவே இருந்தது. எட்டுக் கையுறை, எட்டும் இடது. "பனிக்கு இடதும் வலதுமா தெரியும்?" என்றார் அப்பா.

எல்லாம் கூடி வந்தபோது அம்மா ஒரு முட்டுக்கட்டை போட்டாள். எங்கள் கோயில் கேரல் பவனி வழக்கமாக எங்கள் சந்துக்கு வருகிற நாளில் நாங்கள் ரயிலில் இருப்போம். "பாட்டுக்காரங்க வரும்போது நம்ம வீட்டுக் கதவு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" கேரல் பவனி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு முன்னால் கோயில் ஆட்கள் நட்சத்திர விளக்கும் தப்பட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பாடுவார்கள். பாடி, ஜெபம் பண்ணி, பலகாரம் தின்றுவிட்டுப் போவார்கள். அன்றைக்குப் பூட்டின வீடு என்றால் அடுத்த வருஷம் வரை பேச்சு. ஆகையால் அம்மா நேரே உபதேசியாரிடம் போய்ப் பேசினாள். கோயிலில் ஐயருக்கு, அதாவது பாதிரியாருக்கு, அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர் அவர். பெயர் ஞானமுத்து. தங்கமான மனுஷர். "அதுக்கென்னம்மா, நீங்க கெளம்புற அன்னிக்கே வந்து பாடி, பயண ஜெபமும் பண்ணி அனுப்பிருவோம்" என்றார். அம்மாவுக்குப் பரம திருப்தி.

கிளம்புகிற நாள். மத்தியானச் சாப்பாடு முடிந்த வெயிலில் நட்சத்திர விளக்கைத் தூக்கிக்கொண்டு பவனி வந்தது. வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. காதர் மாமா டாக்சியோடு வந்து சந்து முனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு எங்கள் வாசலில் நின்றார். நாங்கள் நாலு பேரும் தோல் கோட்டுப் போட்டபடி உள்ளே நிற்கிறோம். பெட்டியில் இடமில்லை, முறுக்கு டின் பிடித்துக்கொண்டது. வேர்வை ஆறாக ஓடுகிறது. பாட்டு முடிந்தது. "ஜெபிப்போம்" என்று உபதேசியார் கண்ணை மூடினார்.

ரயிலுக்காக ஜெபித்தார். எஞ்சினுக்காக, அதை ஓட்டுகிறவருக்காக, கொடி காட்டுகிற கார்டுக்காக. பாலங்களுக்காகத் தனியாக. வேதத்தில் வருகிற மலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எல்லையில் குளிரில் நிற்கிற சிப்பாய்களுக்காக ஜெபித்தபோது இரண்டு பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்தால் அப்பாவும் ஒற்றைக் கண்ணால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மாவும்தான். மூன்று பேர் கண்ணும் சந்தித்துக்கொண்டன. மூன்று பேரும் சட்டென்று மூடிக்கொண்டோம்.

நேரமாகிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜெபத்துக்கு நடுவில் யார் வாயைத் திறப்பது? டாக்சிக்காரர் சந்துக்குள்ளேயே வந்து, "அரே பாய், காடி சூட் ஜாயேகி!" என்று கத்தினார். ரயில் போய்விடும் என்று நல்லதுக்குத்தான் சொன்னார், பாவம். உடனே காதர் மாமா உதட்டில் விரலை வைத்து, "துவா சல் ரஹீ ஹை, சுப்!" என்று அவரை அடக்கினார். ஜெபம் நடக்கிறதாம், சத்தம் போடக் கூடாதாம். உபதேசியாரை நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே மனுஷரும் இப்படி! டாக்சிக்காரரும் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு பயபக்தியாக நின்றுவிட்டார்.

ஆமென் வந்தது. ஓடினோம். பம்பாய் சென்ட்ரலில் பிளாட்பாரம் துடைத்து விட்டாற்போல் கிடந்தது. சிவப்புச் சட்டைக் கூலி ஒருவர் எங்கள் கோட்டுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கயி" என்று ஒரே வார்த்தை சொன்னார். போய்விட்டது. தம்பி முறுக்கு டின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அம்மா அழவில்லை. அந்தக் காலி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அதே டாக்சியில் திரும்பினோம், காதர் மாமா முன்சீட்டில். பாதி வழியில் அப்பா திடீரென்று அவரிடம், "பாய், வண்டிய ஐஸ் ஃபேக்டரிக்கு விடச் சொல்லுங்க" என்றார். கடற்கரைப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடுகிற ஃபேக்டரி அது. அங்கே காதர் மாமாவுக்குப் பழக்கம் உண்டு. தோல் கோட்டோடு ஒரு குடும்பம் வந்து இறங்கியதைக் கண்டு வேலையாட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மாமா விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தர் சிரித்துக்கொண்டே ஐஸ் உடைக்கிற மெஷினை ஓட்டி, அதன் வாயை எங்கள் பக்கம் திருப்பினார். தூள் தூளாக ஐஸ் பறந்து வந்து தலையில் விழுந்தது, கோட்டில் விழுந்தது. தம்பி இரண்டு இடது கையாலும் அள்ளி என் முதுகில் போட்டான். அம்மா மட்டும் அசையாமல் நின்றாள். அப்புறம் மெதுவாகத் தலையை அண்ணாந்து நாக்கை நீட்டினாள். அப்படியே அந்தப் படத்துப் பெண் போல.

"என்ன ருசி?" என்று கேட்டார் அப்பா.

"மீன் வாட அடிக்கி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர அப்படிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், காதர் மாமா தரையில் உட்கார்ந்தே சிரித்தார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல கிறிஸ்மஸ் வந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் உபதேசியார் பதறி ஓடி வருகிறார். "ஸ்தோத்திரம்! ஏதோ பெரிய ஆபத்துலருந்து ஆண்டவர் காப்பாத்தியிருக்காரு. ஒரு ஜெபம் பண்ணிருவோமா?" அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, இப்ப நிதானமாவே பண்ணுங்க, இனி எங்களுக்கு எந்த வண்டியும் இல்ல" என்றார்.

அடுத்த வருஷம் போகலாம் என்றுதான் இருந்தோம். அடுத்த வருஷம் ஏதோ வந்தது, அதற்கடுத்தும் ஏதோ வந்தது. அப்பா போய்விட்டார். காதர் மாமாவும் போய்விட்டார், உபதேசியாரும்தான். ஐஸ் ஃபேக்டரி நின்ற இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடம் நிற்கிறது. எங்கள் சந்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். இங்கே நெருளில் கேரல் பாட வருகிறவர்கள் வாசலில் வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி, அவர் போனில் கேட்டு, நாங்கள் பொத்தானை அமுக்கி, அப்புறம் லிஃப்டில் வருகிறார்கள். ஒரு பாட்டு, ஒரு குட்டி ஜெபம், அடுத்த கட்டடம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

கதையைச் சொல்லி முடித்தபோது தம்பி போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். "எம்மா, வாறியா இல்லியா? டிக்கெட் போயிரும்." அம்மா என் மகள் கையிலிருந்து கையுறைகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் 'பாப்பம்' என்று சொன்னாளென்றால் அவள் இனிமேல் பனியைப் பார்க்கப் போவதில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஏலே, கெளம்புத அன்னிக்கு ஆரு வந்து ஜெபம் பண்ணுவா?" என்றாள்.

தம்பி, "நானே பண்ணுதேன்மா. ரெண்டே நிமிஷம், சுருக்கா முடிச்சிருவேன்" என்றான்.

"ரெண்டு நிமிஷமா?" அம்மா சிரித்தாள். "அப்ப கண்டிப்பாப் போயிச் சேந்துருவோம். போடு டிக்கெட்ட. இனிம நம்மள நிறுத்தி வைக்க ஆரு இருக்கா?"

சொல்லிவிட்டு, இடது கையுறை ஒன்றை எடுத்து வலது கையில் மாட்டிப் பார்த்தாள்.