லாடபிள்காரர்

அந்த ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடுகிறவருக்கு டிரெஸ்ஸர் என்று பெயர். நேரில் பார்த்தால் டிரெஸ்ஸர் சார் என்பார்கள். அவர் தலை மறைந்ததும் லாடபிள்காரர். புதிதாக வருகிறவர்கள், குதிரைக்கு லாடம் அடிக்கிற ஆளோ என்று நினைத்துக்கொள்வார்கள். லாடத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. லாடபிள் என்பது ஓர் இங்கிலீஷ் சொல். பாராட்டத்தக்கது என்று பொருள். அவர் எதைப் பாராட்டினார் என்று கேட்டால் சிரிப்பு வரும். சீழை.

சிரிக்க வேண்டாம். ஒரு காலத்தில் பெரிய பெரிய வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். புகழ் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வயிற்றில் பிறந்த சொல் அது. நல்ல மனிதரையும் நல்ல காரியத்தையும் சொல்ல வந்தது. வைத்தியர்கள் அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, உடம்பில் ஊறுவது எதுவானாலும் ஒழுங்காக இருந்தால் லாடபிள் என்றார்கள். புண்ணில் வெள்ளையாக, கெட்டியாக, நாற்றமில்லாமல் சீழ் கட்டினால், உடம்பு கெட்டதை வெளியே தள்ளுகிறது, இனி ஆறிவிடும் என்று நம்பினார்கள். தண்ணீராக நாறிக்கொண்டு வந்தால்தான் பயம். இப்படிப் பல நூறு வருஷம் சீழைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். படித்தவர்கள் நம்புகிற முட்டாள்தனத்துக்கு ஆயுசு கெட்டி.

டிரெஸ்ஸர் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பெரிய டாக்டர் அந்தக் காலத்துப் புத்தகங்களோடு நின்றுவிட்டவர். கட்டைப் பிரித்ததும் குனிந்து முகர்ந்து பார்ப்பார். திருப்தியாக இருந்தால் "லாடபிள்" என்று ஒரே சொல்லோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். டிரெஸ்ஸருக்கு அது புகழ்ச்சி என்றெல்லாம் தெரியாது. நல்ல சீழின் பெயரே அதுதான் என்று எண்ணிக்கொண்டார். பெரிய டாக்டர் போன பிறகும் அந்தச் சொல் டிரெஸ்ஸிங் ரூமிலேயே தங்கிவிட்டது.

"சார், எனக்கு லாடபிள் வந்துடுச்சா?" என்று நோயாளிகள் ஆசையாகக் கேட்பார்கள். வந்துவிட்டது என்றால் முகம் மலரும். பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்து தனக்கு வராமல் போனால் பொறாமை வேறு. ஆஸ்பத்திரிக் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில்கூட, டீ நன்றாக இருந்தால் லாடபிள் என்று சொல்லப் பழகியிருந்தார்கள். அந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் டீ உள்ளே இறங்கியிருக்காது.

பிறகு ஒரு சின்ன டாக்டர் வந்தார். வந்த புதிதிலேயே டிரெஸ்ஸரைத் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"அந்த வார்த்தையை விட்டுடுங்க சார். சீழுன்னாலே கிருமிதான். அதுல நல்லது கெட்டது கிடையாது."

டிரெஸ்ஸர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். நேற்று முளைத்த டாக்டருக்கு என்ன தெரியும் என்று மனதில் ஓடியது. தன் கை பட்ட புண்கள் ஆறியதை ஊரே பார்த்திருக்கிறதே! ஆறாமல் போனவர்கள் திரும்பி வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி உடைந்த கண்ணாடியை மிதித்தாள். குதிகாலில் ஆழமான வெட்டு. ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்றால், ஆஸ்பத்திரியே வீட்டில் இருக்கும்போது நான் எதற்கு வரிசையில் நிற்கவேண்டும் என்றாள். அவருக்கும் அது பெருமையாக இருந்தது. தினமும் அவள் காலை மடியில் வைத்துத் தானே கட்டுப் போட்டார். சீழ் கட்டியது. வெள்ளை, கெட்டி, நாற்றம் இல்லை. அவர் மனம் குளிர்ந்துவிட்டது. லாடபிள் என்றார்.

உடம்பு தூக்கிப் போட்டுக் குளிர் ஜுரம் வந்து, கணுக்காலிலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார். சின்ன டாக்டர் முயன்று பார்த்தார். நேரம் கடந்துவிட்டிருந்தது. சின்ன டாக்டர் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றோடு டிரெஸ்ஸர் வாயில் பாராட்டு செத்துப்போனது. அந்த ஒரு சொல் மட்டுமல்ல, எதையுமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். "சார், புண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "டாக்டரைக் கேளுங்க". அவர் சொல்லை விட்டாலும் சொல் அவரை விடவில்லை. கட்டுத்துணி கொதிக்கிற பாத்திரத்தின் மூடி லடலடவென்று ஆடினால் அவர் காதில் அதுதான் விழும். ஓடிப்போய் அடுப்பை அணைப்பார். வீட்டில் பட்டப்பகலில் அந்தப் பழைய கட்டின் வாடை வரும். பாயைத் தூக்கிப் பார்ப்பார், பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. நிமிர்ந்தால் மறுபடி வரும்.

தாயில்லாமல் போன மகளை அவருடைய அக்காதான் வளர்த்தாள். பெண் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். அப்பா "ம்" என்றார். கல்லூரியில் மெடல் வாங்கினாள். அதற்கும் "ம்". "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? பொண்ணு முகத்தைப் பாருடா" என்று அக்கா சண்டை பிடிப்பாள். பெண்ணுக்கோ, அம்மா செத்ததற்கு அப்பாவுக்குத் தன்மேல்தான் ஏதோ கோபம் என்று சின்ன வயதிலேயே மனதில் விழுந்துவிட்டது. அம்மா மிதித்த அந்தக் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தது அவள்தான். அப்பா வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டால் அந்தப் பாரம் இறங்கிவிடும் என்று காத்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தே இங்கிலீஷ் டீச்சராகவும் ஆகிவிட்டாள்.

பள்ளி ஆண்டு விழாவுக்கு அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அவளை மேடையில் தன் பக்கத்தில் நிறுத்தி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம இங்கிலீஷ் டீச்சர் இந்த வருஷம் செஞ்சது ரொம்ப லாடபிள். ஆனா..."

சீழிலிருந்து அந்தச் சொல்லைக் கழுவி எடுத்து வைத்தாயிற்று. இன்று அது சொற்பொழிவுக்குத்தான் பயன்படுகிறது. அதிலும் லாடபிள் என்று ஆரம்பித்தால் பின்னாலேயே ஓர் ஆனால் வரும். நோட்டுத் திருத்துவதில் இன்னும் வேகம் வேண்டும் என்று சொல்லத்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் வாயெடுத்தார். அதற்குள் டிரெஸ்ஸர் மேடை ஏறிவிட்டார். மகள் காலடியில் மண்டியிட்டு அவள் செருப்பைக் கழற்றினார்.

"எந்தக் காலும்மா? எங்கே புண்ணு? ஏன் என்கிட்டே சொல்லலே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும்தான். மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்பா, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். அவர் குதிகாலை விடவில்லை. கணுக்காலிலிருந்து மேலே தடவித் தடவிச் சிவப்புக் கோடு தேடுவதைப் பார்த்த பிறகுதான், இது கிறுக்கு இல்லை, பயம் என்று அவளுக்குப் புரிந்தது. மைக்கையும் ஆனாலையும் விட்டுவிட்டு அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

வீட்டில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"உலகமே அப்படி நம்பிக்கிட்டுதான் இருந்திச்சுப்பா. பெரிய டாக்டர் சொன்னதைத்தானே நீங்க சொன்னீங்க" என்றாள்.

"உலகமா உங்கம்மாவுக்குக் கட்டுப் போட்டுச்சு? நான்தானே போட்டேன்."

"டம்ளரை உடைச்சது நான்தாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் விழித்தார். "எந்த டம்ளரு?"

அவருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் தனித்தனியாக ஒரு சாவைச் சுமந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அவர் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லாடபிள்னா என்னங்கன்னு உங்கம்மா கேட்டா. நல்லா இருக்குன்னு அர்த்தம்னேன். சிரிச்சா. காலைச் சொல்றீங்களா, என்னைச் சொல்றீங்களான்னா. இன்னமும் கேட்டுக்கிட்டே இருக்காம்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலைத்தான்னேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மேடையில சொன்னது என் காலை இல்லப்பா. என்னை."

"தெரியும்மா." சொல் வெளியே வருவதற்குப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "நீ நல்லா சொல்லிக்குடுக்குறே. நல்ல பொண்ணா வளர்ந்திருக்கே."

சொல்லி முடித்த உடனே பதறி எழுந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்லப்பா."

"இல்லே, இல்லே" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.