மாதாவுக்கு வைத்த பூவும் வெள்ளிக்கிழமை மீனும்

வெட்டிய பூ வாடாமல் இருக்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். தண்ணீரில் செப்புக்காசு போடு, சீனி போடு, கரி போடு. எல்லாம் வெட்டிப் பேச்சு. வெயில் தாழ்ந்ததும் காம்பைச் சாய்த்து வெட்டு. தண்ணீரில் படும் இலைகளைக் கிள்ளி எறி. குளிக்கிற இடத்து மூலையில் வாளியில் நிறுத்தி வை. போதும். மற்றவர்களைக் கை வைக்க விடாதே. அதுதான் கஷ்டம்.

முப்பதுகளில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். கோவிலில் மாதா சபைப் பெண்கள் முறை போட்டுப் பீடத்துக்குப் பூ வைப்போம். சனிக்கிழமை வைத்த பூ ஞாயிறு பூசை முடியும்வரை நிமிர்ந்து நிற்கவேண்டும். அந்த வருஷம் மாதா திருநாளுக்குப் பூ வைக்க எனக்கும் ஒரு குமாஸ்தா பெண்சாதிக்கும் போட்டி. திருநாளுக்கு முந்தின ஞாயிறு என் முறை; அன்று என் பூ தலை தொங்கினால் திருநாள் அவளுக்கு. அவள் பல்லைக் காட்டுவதைப் பார்ப்பதைவிட நான் வேதத்தையே விட்டுவிடுவேன்.

சனிக்கிழமைவரை செடியில் விட்டால் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிடும். அதனால் வெள்ளி சாயங்காலமே ரோஜாவையும் சம்பங்கியையும் வெட்டி வாளியில் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் ரயிலில் கார்டு. வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டோம்; அவர் துறைமுகத்திலிருந்து கூடையில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருவார். அன்றும் கொண்டுவந்தார். நான் குழம்பு வைக்கும்போது, கூடையில் மிச்சமிருந்த ஐஸை அப்படியே என் பூ வாளியில் கொட்டிவிட்டார். உதவியாம்! என்னிடம் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் பூ ஒவ்வொன்றும் சிப்பாய் மாதிரி நின்றது. மீன் வாடை அடித்தது. குழம்பு வைத்த வீடு, அடிக்கத்தானே செய்யும் என்று நினைத்து, அதே வாளித் தண்ணீரோடு பூவைப் பீடத்து ஜாடிகளில் வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் குமாஸ்தா பெண்சாதி பீடத்தருகே மூக்கை நீட்டினாள்.

"என்ன அக்கா, மாதாவுக்கு மீன் கொழம்பா?"

குனிந்து மோந்தேன். சந்தேகமே இல்லை, கிள்ளான் மீன். என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

விட்டுக்கொடுப்பேனா? "பூ வாடிச்சான்னு மட்டும் பாருடி. ஆண்டவரோட சீடர் இராயப்பரே மீன் பிடிச்சவர்தான். அவரை வெளிய தள்ளிட்டாங்களா?"

சாமியார் வந்தார். அவருக்குக் கடுமையான ஜலதோஷம். ஒரு ரோஜாவைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா நிக்குது. திருநாளுக்கும் நீயே வை."

"சாமி, நாறுது!" என்று அவள் கத்தினாள்.

சாமியார் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியலையே. வேணும்னா சாம்பிராணி கூடப் போடலாம்" என்று சொல்லிப் போய்விட்டார்.

வீடு வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரரை ஏசினேன். வாசலில் ஏறும்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

"பூ நின்னுச்சுல்ல? திருநாளுக்கும் ஐஸ் கொண்டுவரவா?"

"கொண்டு வாங்க. கூடையில ஐஸ் மட்டும். மீனை உங்க தொப்பியில போட்டுக் கொண்டு வாங்க."