சுல்பாவின் வாக்கு, றம்ஸியாவின் கதிரை

தேர்தலில் தோற்ற அன்று சுல்பா அழவில்லை. றம்ஸியா பிரதேச சபை உறுப்பினராகிவிட்டாள் என்ற செய்தி வந்த அன்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

புத்தளம் பக்கத்துப் பள்ளிவாசல்துறைக் கரையில் கருவாடு காயப்போடும் பெண்களின் சங்கத்துக்குச் சுல்பாதான் தலைவி. யுத்தம் முடிந்த பிறகு அந்தக் கரைக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததும் மின்விளக்கு வந்ததும் அவள் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதால். உள்ளூராட்சி சபைகளில் காற்பங்கு ஆசனம் பெண்களுக்கு என்ற சட்டத்தோடு 2018இல் தேர்தல் வந்தபோது, கட்சி அமைப்பாளர் றஸீன் நேரே அவளிடம்தான் வந்தார். அவள் வட்டாரத்தில் நின்றாள். வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்டாள். கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றாள். அதை அவளால் தாங்க முடிந்தது. சனம் சொன்ன தீர்ப்பு.

ஆனால் புது முறையில், தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குகளும் கட்சியின் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணக்கில் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் கிடைத்தது. அதற்கு யாரை அனுப்புவது என்பது கட்சியின் விருப்பம். தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று சுல்பா நினைத்திருந்தாள். றஸீன் அதை றம்ஸியாவுக்குக் கொடுத்தார். மேலதிகப் பட்டியலில் பேர் மட்டும் போட்டிருந்தவள். ஒரு வீட்டுப் படியும் ஏறாதவள்.

"நான் வெயில்ல நடந்து சேத்த வோட்டு," என்றாள் சுல்பா, கணவன் மிஹ்லாரிடம். "அவ வீட்டுக்குள்ள இருந்தே மெம்பராயிட்டா."

வலையைத் தைத்துக்கொண்டிருந்த மிஹ்லார் நிமிரவில்லை. "சனம் கட்சிக்குப் போட்ட வோட்டுத்தானே."

"கட்சிக்கா போட்டாங்க? என்ட முகத்தப் பார்த்துப் போட்டாங்க."

றம்ஸியா இந்த ஊர்க்காரியும் இல்லை. 1990இல் புலிகளால் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம். சுல்பாவின் வாப்பாவின் தென்னங்காணியில்தான் முதலில் ஓலைக் கொட்டில் போட்டு இருந்தார்கள். அப்போது றம்ஸியா சின்னப் பிள்ளை. சுல்பாவின் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டு, அக்கா முறையில் அவளை 'ராத்தா' என்று கூப்பிட்டுத் திரிந்தாள். பிறகு படித்தாள், பாலர் பாடசாலை ஆசிரியையானாள், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசினாள். இடம்பெயர்ந்து வந்தவர்கள் தங்கள் வாக்குப் பதிவை மன்னாரிலிருந்து புத்தளத்துக்கு மாற்றத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த வாக்குகளில் கட்சி கண் வைத்திருந்தது. சுல்பாவுக்கு இதெல்லாம் விளங்கியது. விளங்கியும் மனசு ஆறவில்லை.

ஒரு கலியாண வீட்டில் றம்ஸியா நுழைந்ததும் "மெம்பர் வந்துட்டா" என்று நாலு பேர் எழும்பினார்கள். முன்வரிசையில் கதிரை போட்டார்கள். சுல்பா வட்டிலப்பத்தை அப்படியே வைத்துவிட்டு, தலை இடிக்கிறது என்று சொல்லி வெளியே வந்தாள்.

சபை அமர்வைப் பொதுமக்களும் அனுமதி எடுத்து இருந்து பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து சுல்பா மாதாமாதம் பஸ் ஏறினாள். றம்ஸியா தடுமாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். முதல் அமர்வுகளில் றம்ஸியா வாயே திறக்கவில்லை. சுல்பா கரைக்குத் திரும்பி வந்து, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே எல்லாருக்கும் சொன்னாள்: "கையத் தூக்கச் சொன்னாத் தூக்குறா. அந்தக் கதிரைக்கு ஒரு பொம்மை போதும்."

ஆனால் போகப் போக அவளுக்கு வேறு விஷயங்களும் பிடிபட்டன. ஒரு பிரேரணையை எப்படிக் கொண்டுவருகிறார்கள், யார் வழிமொழிய வேண்டும், சபைக்குத் தலைவரான தவிசாளர் தனியே நினைத்தால் எது நடக்கும், எதற்குச் சபையின் கை வேண்டும் என்பதெல்லாம். கூட இருந்து கேட்க வேறு யாரும் போகாததால், அந்தச் செய்தியையும் முதலில் கேட்டவள் அவள்தான். கருவாடு காயப்போடும் கரைத்தரையை ஒரு ஹோட்டல்காரருக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்க அடுத்த அமர்வில் தீர்மானம் வரப்போகிறது. கொண்டுவருவது றம்ஸியாவின் கட்சி, அதாவது சுல்பாவின் கட்சியும்.

வெளியே வந்தபோது, தரை போய்விடுமே என்ற பயம் அவளைப் பிடித்தது. அதோடு ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. இனி றம்ஸியா மாட்டினாள். கட்சிப் பக்கம் நின்றால் கரை துப்பும்; கரைப் பக்கம் நின்றால் கட்சி தள்ளும்.

அந்தக் கிழமைக்குள்ளேயே றம்ஸியா சுல்பாவின் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்காராமல் நின்றாள்.

"ராத்தா, அந்தத் தரையில எத்தின குடும்பம் சீவிக்குது, மழைக்குள்ள எங்க காயப்போடுறீங்க, எனக்கு ஒண்டும் சரியாத் தெரியா. நீங்க சொல்லித் தந்தா நான் சபையில பேசுறன்."

"மெம்பர் நீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"ராத்தா, கோவத்துல கதைக்காதீங்க. அங்க பேசுறதுக்கு எனக்குத்தான் உரிமை இரிக்கி. ஆனா விசயம் உங்கள்ட்டத்தானே இரிக்கி."

"அந்த உரிமைய உனக்கு யார் தந்த? போய் றஸீன் நானாட்டக் கேளு."

றம்ஸியா சலாம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் கேற்றைத் தாண்டி, கரைப் பக்கமாக நடந்து, மற்றப் பெண்களோடு மணலில் குந்தியிருந்து கதைப்பதை ஜன்னலுக்குள்ளால் சுல்பா கண்டாள். ஓடிப்போய் நடுவில் இருக்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

அமர்வு நாளில் சங்கத்துப் பெண்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தலைவி என்று சுல்பாவும் அவர்களோடுதான் இருந்தாள். பார்வையாளர்கள் ஒரு சொல்லும் பேசக் கூடாது. றம்ஸியா எழும்பினாள். முதலில் தமிழில் சொன்னாள், பிறகு அதையே சிங்களத்தில் சொன்னாள். "இந்தத் தரை சபைக்குச் சொந்தம் என்கிறீர்கள். சபை யாருக்குச் சொந்தம்? அங்கே வேலை செய்கிற பெண்களிடம் ஒரு வார்த்தையாவது கேட்டீர்களா?" மாரிக்காலத்துக் கஷ்டத்தைச் சொல்லும்போது மாதத்தைப் பிழையாகச் சொன்னாள். சுல்பாவுக்கு நாக்கு நுனியில் சரியான மாதம் துடித்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கை தூக்கும் நேரம் வந்தது. றம்ஸியா தன் கட்சிக்கு எதிராகத் தூக்கினாள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் விழுந்தது.

பெண்கள் றம்ஸியாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சுல்பாவின் கருவாட்டுத் தரையும்தான் தப்பியது. அவள் பஸ்ஸில் கடைசிச் சீற்றில் தனியே இருந்து வந்தாள். 'நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால் இந்த அழுகையெல்லாம் எனக்கு' என்ற நினைப்பு வழி முழுதும் அரித்தது.

கட்சி சும்மா விடவில்லை. கட்டுப்பாட்டை மீறினாள் என்று றம்ஸியாவின் அங்கத்துவத்தை நீக்கியது. அதோடு ஆசனமும் போனது. ஒரு பின்னேரம் றஸீன் சிரித்துக்கொண்டு சுல்பாவின் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, உனக்குச் சேரவேண்டியது இப்ப வந்திரிக்கி. நாளைக்கே பேரை அனுப்புறன்."

சுல்பா இத்தனை நாளும் கனவில் கண்டது.

"நானா, அந்தத் தரைப் பிரேரணை திரும்பி வருமா?"

"வரும்."

"நான் கை தூக்கோணுமா?"

"கட்சி சொல்றதுதானே."

அவள் குசினிக்குள் போனாள். தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் கனநேரம் நின்றாள். றம்ஸியாவின் கதிரையில் தான் இருப்பதை நினைத்தாள்; இனித்தது. அதில் இருந்து கை தூக்குவதை நினைத்தாள். கரையில் எல்லாரும் றம்ஸியாவைத்தான் பேசுவார்கள். வாழ்நாள் முழுக்க அவளுக்குக் கீழே ஒரு படி.

தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வேணாம், நானா. அவ தூக்கின கைக்கு எதிரா நான் கை தூக்கினா, பொறகு நான் எந்த முகத்தோட கரைக்குப் போற?"

"அவளுக்காகவா?"

"அவளுக்காக இல்ல!" என்று சுல்பா கத்தினாள். "அவள விட நான் கொறஞ்சவ இல்ல. அதுக்காக."

ஆசனம் வேறொருத்திக்குப் போனது. பெண்கள் அமர்வுக்கு அமர்வு வந்து இருந்ததால் அந்தப் பிரேரணையைத் தவிசாளர் பிறகு எடுக்கவே இல்லை. சபையின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளித் தள்ளிப் போனது. 2025இல் வந்தபோது சுல்பா ஒரு சுயேச்சைக் குழுவில் அதே வட்டாரத்தில் நின்றாள். றம்ஸியா நிற்கவில்லை. இந்தமுறை சுல்பா வென்றாள்.

பெறுபேறு வந்த மறுநாள் பேக்கரியில் பாண் வாங்கப் போன இடத்தில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"சந்தோசம், ராத்தா," என்றாள் றம்ஸியா.

சுல்பாவால் அடக்க முடியவில்லை. "நீ எனக்கா வோட்டுப் போட்ட?"

றம்ஸியா பாணை வாங்கிப் பையில் வைத்தாள். "அது கேக்கிற கதையா, ராத்தா?" என்று சிரித்துவிட்டு நடந்தாள்.

அந்த விடை தெரியாதது சுல்பாவை இன்னும் வாட்டுகிறது.