குளிர் இருக்கிற புத்தகம்

எங்கள் மீஞ்சூர்ப் பக்கம் குளிர்காலம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். மார்கழியிலும் தையிலும் விழுகிற பனிதான் எங்களுக்குக் குளிர். விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி ரயில் வண்டியின் ஹாரன் மட்டும் கேட்கும், வண்டி தெரியாது. எட்டு, எட்டரைக்கு வெயில் ஏறினால் அதுவும் போச்சு. அந்தக் கொஞ்சப் பனிக்காக என் வீட்டுக்காரர் வருஷம் பூராவும் காத்திருப்பார்.

அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்தவர். வீட்டுக்கு வந்தால் சட்டையில் உப்புப் பூத்திருக்கும். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்த மனுஷனுக்குப் படிக்க மட்டும் குளிர் வேண்டும். தீபாவளி மழை விட்டதும் தடியான நாவல் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவார். அதில் மழை பெய்ய வேண்டும், மலை இருக்க வேண்டும், யாராவது ஒரு வீட்டுக்குள் வெளியே போக முடியாமல் அடைபட்டுக் கிடக்க வேண்டும். போர்வையை முக்காடு போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாரென்றால் கூப்பிட்டால் காது கேட்காது. "கதை படிச்சா சோறு வெந்துடுமா?" என்று நான் குண்டானை நங்கென்று வைப்பேன்.

"கொஞ்சம் கம்முனு இரேன்மே. இங்க மழை பேஞ்சினுகீது" என்பார். வெளியே பளீரென்று வெயில் அடிக்கும், கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்.

சர்க்கரை வியாதி அவருடைய கண்ணைப் பிடித்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிற அளவுக்குப் பார்வை நின்றது. வேலை போனதுகூட அவரை அவ்வளவு உடைக்கவில்லை. அந்த வருஷம் பனி இறங்கியபோது புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைக்கச் சொன்னார். அதற்கப்புறம் பேச்சே குறைந்துபோனது. கேட்டதற்கு "ம்" என்பார், சாப்பாடு நல்லா இருக்கா என்றால் அதற்கும் "ம்". மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டோம், வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். நான் பேக்கிங் கம்பெனி வேனில் இருந்து இறங்கி வந்தால் காலையில் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஆள் என்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. எதையாவது காட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும், வேறு வழி தெரியவில்லை.

அப்படித்தான், கதை என்றாலே எரிந்து விழுந்த நான் நூலகத்துக்குப் போய் நின்றேன். "எந்த மாதிரி புஸ்தகம் வேணும்மா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள். "நல்லா தடியா, குளிரா ஒண்ணு குடும்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்களே தேடிக்குங்க என்று அலமாரியைக் காட்டினாள். அட்டையில் பனி மூடிய மலை போட்ட ஒன்றைப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினால், வாழ்க்கையில் உச்சிக்கு ஏறுவது எப்படி என்று ஒருத்தர் பக்கம் பக்கமாகப் புத்தி சொல்கிறார். "கண்ணு போனவனுக்கு உச்சி இன்னாத்துக்குமே?" என்று கேட்டுவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விடுவேனா. அடுத்தது கொண்டு வந்தேன், அதற்கடுத்ததும் கொண்டு வந்தேன். சில புத்தகங்களில் வரிக்கு வரி குளிர் நடுக்கியது, எலும்பை உறைய வைத்தது என்று எழுதியிருக்கும், எங்களுக்கு ஒரு மண்ணும் குளிராது. "இதுல குளிர் இல்ல, வெறும் வாய்தான் கீது" என்பார். திட்டினாலும் பேசுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

கடைசியில் அது பஜாரில் பழைய பேப்பர் கடையில் கிடைத்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை யாரோ வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, நீல ரெக்சின் போட்டு பைண்டு பண்ணியிருந்தார்கள். முதல் அத்தியாயம் இல்லை, மற்ற வாரங்களின் தலைப்பும் பைண்டு வெட்டில் போயிருந்தது, அதனால் பெயரும் தெரியாது, எழுதினவர் யார் என்றும் தெரியாது. மலை மேல் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா. படுக்கையில் கிடக்கும் ஒரு அம்மாளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ். மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுப் போகிறது. அந்த நர்ஸ் டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமலே நிற்கிறாள் என்று ஒரு இடம். குளிர் என்ற சொல்லே அங்கே இல்லை. படித்துக்கொண்டிருந்த எனக்கு விரல் மடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் அவர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் படிக்கிறது பெரிய லட்சணம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் பெட்டி எண்ணுகிற வேகத்தில் ஓட்டுவேன். ஒருநாள் சாயங்காலம், பக்கத்தின் ஓரத்தில் இருந்த விளம்பரத்தையும் கதை என்று நினைத்துச் சேர்த்துப் படித்துவிட்டேன். நர்ஸ் கதவைத் திறந்தாள், வெளியே ஒரே மூடுபனி, அடர்ந்த கருங்கூந்தலுக்கு இன்றே தடவுங்கள் என்று ஒரே மூச்சில் போனேன். அவருக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், கட்டிலே குலுங்கியது. "நர்ஸம்மாவுக்கு முடி கொட்டுதாடீ?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு! மாரியாத்தா, இது போதும்டி எனக்கு என்று உள்ளுக்குள் கும்பிட்டேன்.

மொத்தத்தையும் அந்தப் பனிக்காலத்தில் படித்து முடித்தோம். அடுத்த வருஷம் வேறு எதைக் கொண்டு வந்தாலும் வேண்டாம் என்றார். "பங்களாவையே படி" என்றார். சரி என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அதற்குள் சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தது. கால் வீங்கியது, பகலிலும் தூங்கினார். ஆனால் நான் புத்தகத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பார்.

ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் முன்கதைச் சுருக்கம் என்று நாலு வரி இருக்கும். முன்பெல்லாம் அதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். "தெரிஞ்ச கதையை இன்னாத்துக்கு ஓதற? மேல போ" என்பார். இந்த முறை அவரே, "அந்தச் சுருக்கத்தைப் படி" என்றார். படித்தேன். அடுத்த நாளும் கேட்டார். அப்புறம் ஒரே சாயங்காலத்தில் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். எனக்கு வேலை முடிந்து வந்த அலுப்பு, அடுப்பில் கஞ்சி வேறு. "இன்னாய்யா பேஜாரு பண்ற? இப்பதானே படிச்சேன்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் மெதுவாக, "கதை எனக்கு எப்பவோ புரியாம பூட்சுமே" என்றார். "யாரு நர்ஸு, யாரு அந்தம்மா, ஒண்ணும் நிக்கல. ஒரு வரி கேட்டா முன்னாடி வரி பூடுது."

"அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நான் பாட்டுக்கு லூசு மாதிரி கத்திக்கினு கீறேன்!"

"சொன்னா நீ நிறுத்திடுவ" என்றார்.

அவரை இழுத்துப் பிடிக்கப் படிக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, கதை போன பிறகும் என் குரலை அவர் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சுருக்கத்தை இன்னொரு தடவை படித்தேன், அப்புறம் இன்னொரு தடவை. குரல் உடைந்தது, அப்படியே உடைந்தபடி படித்தேன். அவர் என் புடவை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். தை முடிந்து பனி விடுகிற நாளில் போய்விட்டார். ரோடு சரியாகி நர்ஸ் ஊருக்குக் கிளம்புகிற இடத்துக்கு அந்த வருஷம் நாங்கள் போகவே இல்லை.

இந்த மார்கழியில் நூலகத்துப் பெண்ணே ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். நல்ல புத்தகம். முதல் பக்கத்திலேயே ஏரி மேல் மூடுபனி, ஒரு படகு வருகிறது, யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன். எல்லோரையும் போல மனசுக்குள் படித்துப் பார்த்தேன், ஒரு வரியும் உள்ளே இறங்கவில்லை. சத்தமாகப் படித்தால்தான் போகிறது. படித்துக்கொண்டே போனேன். ஏரியில் இருந்த பனி வாசலிலும் இருந்தது. எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்குக் கோலம் போட வந்தவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, யார்கிட்ட பேசிக்கினு கீற? ஊட்ல யாராச்சும் வந்துகீறாங்களா?"

"யாரும் வரல. புஸ்தகம் படிக்கிறேன்" என்றேன்.

"இவ்ளோ சத்தமாவா? யாருக்குக்கா?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். நான் தலையைக் குனிந்துகொண்டு, விட்ட வரியை விரலால் தேடினேன். கண்ணீரில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை.