மை இருக்கணும், கிரீஸ் போகணும்

அந்தச் சலவைக் கடையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. முதலாளி தொடங்கி இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் கறையக்கா. கறை எடுக்கிறவளுக்கே கறை என்று பெயர் வைத்தார்களே, புண்ணியவான்கள்! அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டாள். இருபத்திரண்டு வருடமாகப் பின்னறை ஜன்னலோரம் ஒரு மேசை. அதன்மேல் மூன்று புட்டி. தண்ணீர், ஸ்பிரிட், வெள்ளை பெட்ரோல்.

எது எதைக் கரைக்கும் என்பதை நாலு நல்ல துணிகளைப் பாழாக்கித்தான் கற்றாள். ஏன் கரைக்கிறது என்பதை மட்டும், சலவைக்குப் போட்ட கோட்டை வாங்க வந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் ரசீதின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். ஒன்றின் கூட்டல் அடுத்ததன் கழித்தலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை, பேனா மை என்று அதே மாதிரி கூட்டல் கழித்தல் முனை உள்ளவற்றைத்தான் தன் கூட்டத்தில் சேர்க்கும். எண்ணெய்க்கு அப்படி முனை கிடையாது. பெட்ரோலுக்கும் கிடையாது, அதனால் அவை இரண்டும் கலந்துவிடும்.

"அட, நானும் என் நாத்தனாரும்தானே சார் தண்ணியும் எண்ணெயும்! ஒரே வீட்டுல இருப்போம், ஒட்டமாட்டோம். அப்ப ஸ்பிரிட்டு?"

"அதுக்குத் தலை தண்ணி மாதிரி, வால் எண்ணெய் மாதிரி. ரெண்டோடயும் சேரும்."

"புரிஞ்சிடுச்சு. அது என் வீட்டுக்காரரு. அக்காகிட்டயும் நல்ல பேரு, பொண்டாட்டிகிட்டயும் நல்ல பேரு."

ஒரு நாள் காலை, சைக்கிள் மெக்கானிக் ஒருவர் வெள்ளைச் சட்டையொன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் ஏந்திக்கொண்டு வந்தார். வாசல் பெஞ்சில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். இப்போது நினைவு தப்பித் தப்பிப் போகிறது.

சட்டைப் பையின்மேல் நீல மையில் இரண்டு வரி. 'இவர் என் வீட்டுக்காரர். கூடப் போகலாம்.' அதன்மேல் கறுப்பாகக் கிரீஸ்.

"போன வருஷம் அவளே எழுதி வச்சதும்மா. வெளிய கிளம்பினா இதைத்தான் போட்டுக்குவேன். மை போயிடும்னு பைய நனைக்காமத்தான் துவைப்பேன். படிச்சுப் பார்ப்பா, கையப் பிடிச்சுக்குவா. நேத்து ரோட்டுல யாருக்கோ செயின் மாட்டிக் குடுத்தேன், புத்தி கெட்டுப்போய். இப்ப அவளால படிக்க முடியல. 'உங்க வீட்டுக்கு வழி காட்டுறேன்'னு அவகிட்ட சொல்லித்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்."

"புதுசா எழுதிக்கலாமே?"

"நான் எழுதினா நம்பமாட்டா. அவ பேனாவத் தொட்டே ஆறு மாசமாச்சு. மை இருக்கணும், கிரீஸ் போகணும். முடியுமாம்மா?"

கறையக்கா சட்டையை மேசைமேல் விரித்தாள். பழக்கதோஷம் பாருங்கள், கை தானாக ஸ்பிரிட்டை எடுத்துவிட்டது. எந்தக் கறையானாலும் முதலில் ஸ்பிரிட் என்பதுதான் அந்தக் கடை வழக்கம். ஒரு சொட்டு ஓரத்தில் விழுந்த பிறகுதான், ஐயையோ, இது மையையும் கூட்டிக்கொண்டு போய்விடுமே என்று உறைத்தது. பஞ்சால் ஒற்றினாள். 'போகலாம்' என்பதன் கடைசிப் புள்ளி பஞ்சோடு வந்துவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீரையும் ஸ்பிரிட்டையும் கீழே இறக்கி வைத்தாள். சட்டைப் பையைக் கவிழ்த்து, எழுத்துக்கு அடியில் மடித்த துணி வைத்து, பின்பக்கத்திலிருந்து வெள்ளை பெட்ரோலால் மெல்ல மெல்ல ஒற்றினாள். கிரீஸ் அடித்துணியில் இறங்கியது. மையில் முனை உண்டு, பெட்ரோலில் கிடையாது. அது மையைச் சீண்டக்கூட இல்லை. முக்கால் மணி நேரத்தில் லேசான சாம்பல் நிழல்தான் மிச்சம்.

வாசனை போகும்வரை மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, "ஐயா, ஒரு புள்ளிய நான் அழிச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க," என்றாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சின் முன் போய் நின்றார். அந்தம்மா எட்டிப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

"இது என் எழுத்து இல்ல."

மெக்கானிக்கின் முகம் செத்துப்போனது. கறையக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் தன்னால்தான்!

அந்தம்மா இன்னொரு முறை படித்தாள், விரலை வரிக்கு அடியில் ஓட்டி.

"என் எழுத்துதான். ஆனா மெய்யெழுத்துக்குப் புள்ளி எங்க? நான் இப்படியெல்லாம் விடமாட்டேனே! யாரு பார்த்த வேலை இது? பேனா குடுங்க."

கறையக்கா ஓடிப்போய் ரசீது எழுதும் பேனாவை எடுத்து வந்தாள். அந்தம்மா எழுந்து, சட்டையை இடது கையால் இழுத்துப் பிடித்து, அவர் நெஞ்சின்மேலேயே அழுத்தி ஒரு புள்ளி வைத்தாள். அவர் மூச்சுவிடவில்லை. தள்ளி நின்று இரண்டு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சரியா இருக்கு. வாங்க, போகலாம்."