அந்த ஒரு பூரி

அன்று என் மகள் அந்தப் பூரியைச் சாப்பிட்டாளா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

2003-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது இது. என் கணவருக்கு மத்திய அரசில் வேலை. தில்லி கரோல் பாகில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். பதின்மூன்று வயதான எங்கள் ஒரே மகளுக்குச் சைக்கிள் என்றால் உயிர். அவள் ஓட்டுவதைப் பார்த்த ஒரு கோச், தன் ரேஸ் சைக்கிள் அணியில் சேர்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பனியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்புவாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருக்கும், முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் மேடு வந்தால் அவளால் முடியாது. மூச்சு வாங்கும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் வெளிறிப்போய் இருப்பாள். அடிக்கடி வயிற்றுவலி வேறு. எத்தனையோ டாக்டர்களைப் பார்த்த பிறகு, அந்த வருடக் கோடையில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்து 'சீலியாக்' என்றார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற க்ளூட்டன் என்கிற புரதம் இவள் குடலுக்கு ஆகாது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது, அவ்வளவுதான்.

மதராஸிகளுக்கு இதில் என்ன கஷ்டம், நீங்கள் அரிசிச் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே என்று டாக்டர் சிரித்தார். எங்களுக்கும் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மாலையே வீட்டிலிருந்த ஆட்டா முழுவதையும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பிஸ்கட், பிரெட், சேமியா, ரவை எல்லாம் போயின. எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் வாங்க மாட்டேன். கடைக்காரர் "ஜல்தி, மேடம்" என்று பறப்பார்.

இரண்டு மூன்று மாதங்களில் அவள் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது. வயிற்றுவலி மட்டும் முழுதாகப் போகவில்லை. புண் ஆறக் கொஞ்ச காலம் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

டிசம்பரில் வெளியூரில் ஒரு போட்டி, நான்கு நாள் தங்க வேண்டும். அனுப்பவே எனக்கு மனமில்லை. அவள்தான் கெஞ்சினாள். "நீ கட்டிக் குடுக்கிறதத் தவிர தண்ணி மட்டும்தாம்மா குடிப்பேன். சச்சி!" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

இரண்டு நாள் அடுப்படியிலேயே நின்றேன். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், கடலை மிட்டாய் எல்லாம் கட்டினேன். மற்ற பிள்ளைகள் ரேஸ் சட்டையின் முதுகுப் பையில் பிஸ்கட் வைத்துக்கொள்வார்கள் என்பதால் இவளுக்கு அரிசி மாவில் தட்டை செய்தேன். வயிறு வலித்தால் மோரில் கலந்து குடிக்கச் சொல்லி, ஒரு சின்ன டப்பாவில் பெருங்காயமும் வைத்தேன்.

மூன்றாம் நாள் மதியம் கோச் போன் செய்தார். போட்டியில் பாதித் தூரம் வரை நன்றாக ஓட்டியவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாளாம். காலையில் எல்லோரும் பூரி சாப்பிட்டபோது அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள் என்றார். "பச்சி ஹை, பெஹன்ஜி. மன் கர் கயா ஹோகா." குழந்தைதானே, ஆசைப்பட்டிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு உள்ளே கொதித்தது. அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"என்னடி சாப்பிட்டே?"

"நீ குடுத்ததுதாம்மா."

"பூரி?"

"இல்லம்மா. ப்ராமிஸ்."

"அப்புறம் எப்படி வலிக்கும்?"

போனைக் கோச்சிடம் கொடுத்துவிட்டாள்.

வீடு திரும்பிய பிறகும் நான் விடவில்லை. அவள் அப்பா தன் பங்குக்கு, "சாப்பிட்டிருந்தாச் சொல்லிரும்மா, அப்பா திட்ட மாட்டேன்" என்று நயமாகக் கேட்டார். இரண்டு நாள் இல்லை இல்லை என்றவள், மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஆமா, சாப்பிட்டேன். ஒரு பூரி. போதுமா? இனிமே கேக்காதீங்க."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டதல்லவா? அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்குப் போகவில்லை. குளிர் குறையட்டும் என்றாள். பிறகு பரீட்சை என்றாள்.

மார்ச் மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர் மளிகைச் சாமான் வாங்கி வந்து டப்பாக்களில் கொட்டிக்கொண்டிருந்தேன். பெருங்காய டப்பாவின் மூடியைத் திறக்கும்போது கண்ணில் பட்டது, பொடி எழுத்தில், சேர்மானங்களின் வரிசையில்: மைதா.

அப்பளப் பாக்கெட்டைக்கூடப் படித்த நான் இதைப் படித்ததே இல்லை. படிக்கத் தோன்றவும் இல்லை. வயிற்றுவலிக்கு நாம் கொடுக்கிற மருந்தல்லவா அது? ரசத்தில், சாம்பாரில், புளிக்காய்ச்சலில், அந்தத் தட்டையில் என்று தினமும் கோதுமையை நானே கொடுத்திருக்கிறேன். வலிக்கிறது என்று வந்தபோதெல்லாம் மோரில் இன்னும் கொஞ்சம் கலந்து கொடுத்திருக்கிறேன்.

டாக்டரிடம் ஓடினேன். இந்த நோய்க்குக் கொஞ்சம், அதிகம் என்ற கணக்கில்லை, அதையும் நிறுத்துங்கள் என்றார். அன்றைய வலி எதனால் வந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாதாம்.

அவளிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் என் தோளைத் தட்டி, "நீயா மைதா போட்டே? கம்பெனிக்காரன் போட்டான்" என்று சிரித்தாள். "அப்போ நீ பூரி சாப்பிடலையா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்று புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

இரண்டு வருடமாக எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இல்லை. அவளுக்கு வலியும் இல்லை. என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சைக்கிள் மட்டும் பால்கனியில் பழைய போர்வைக்குள் இருக்கிறது.

போன வாரம் கோச் மறுபடி போன் செய்தார். புது அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கிறாராம், அனுப்புங்கள் என்கிறார். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வற்புறுத்துவதாக நினைப்பாளோ, சொல்லாவிட்டால் என் பயத்துக்காக அவளை வீட்டில் பூட்டிவைத்தவள் ஆவேனோ என்று குழம்புகிறேன். உடம்புக்கு ஆகாததை விலக்க நான் கற்றுக்கொண்டுவிட்டேன். நம்பாத தாயிடம் ஒரு குழந்தை மீண்டும் மனம்விட்டுப் பேச என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. இப்படிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளியூர் அனுப்புகிற தாய்மார்கள் யாராவது இருந்தால், இந்தச் செய்தியை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு எழுதுங்கள்.